துப்பாக்கியும் தற்காப்புச் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஹூஸ்டன் பக்கம் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காக நானும் இரண்டு வக்கீல் நண்பர்களும் சேர்ந்து நடத்துகிற தற்காப்புச் சட்ட வகுப்பைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். வேறு மாநிலம் என்று குறிப்பிட்டுச் சொல்லாத இடத்தில் எல்லாம் நான் பேசுவது டெக்சஸ் சட்டம். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் மேல் ஏதாவது கேஸ் இருந்தால் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: சார், 2021-லேயே லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. நானும் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, ரேஞ்சுக்குப் போய் நன்றாகச் சுடவும் பழகிவிட்டேன். அப்புறம் எதற்கு ஒரு சனிக்கிழமையை வகுப்பில் தொலைக்க வேண்டும்?
வாசகர், கேட்டி

பதில்: 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்க வேறு தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாம் என்றது. எடுத்துப் போகலாம், அவ்வளவுதான். எப்போது அதை வெளியே எடுக்கலாம், எப்போது சுடலாம் என்பதெல்லாம் டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது, லைசென்ஸ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அந்த அத்தியாயம் ஒன்றுதான்.

முன்பெல்லாம் லைசென்ஸ் கட்டாயம் என்பதால், பிடிக்கிறதோ இல்லையோ, ஒரு வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. இப்போதும் லைசென்ஸ் வேண்டுமென்றால் நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு உண்டு. சுடத் தெரிகிறதா என்று பார்ப்பதோடு, உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்ற சட்டம், தகராறை அடிதடி இல்லாமல் தணிப்பது, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது எல்லாம் அதில் பாடம். கட்டாயம் போன பிறகு, கடையில் வாங்கி நேரே இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவருக்கு இதையெல்லாம் சொல்ல யாருமே இல்லை. எனக்கு அதுதான் கவலை. துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று கடை வாசலில் 30.05, 30.06, 30.07 என்று எண் போட்டு வைக்கிற போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது லைசென்ஸ் இல்லாமல் எடுத்து வருகிறவருக்கு, இரண்டாவது லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதற்கு, மூன்றாவது அவரே வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வருவதற்கு. மது வியாபாரமே பாதிக்கு மேல் என்கிற இடங்களில் சிவப்பு எழுத்தில் 51 சதவீதம் என்று தனி போர்டு. வகுப்புக்கு வருகிறவர்களிடம் இவற்றைக் காட்டிக் கேட்டால் பலருக்கும் எது தனக்கு என்று தெரிவதில்லை, அவர்களும் உங்களைப்போல நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள்தான்.

ரேஞ்சில் காகித உருவம் அசையாமல் நிற்கும், சுடு என்று ஒருவர் சொன்ன பிறகு சுடுவீர்கள். பார்க்கிங் லாட்டில் ஒருவன் கத்திக்கொண்டே உங்கள் காரை நோக்கி வரும்போது அப்படிச் சொல்ல யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அந்த முடிவைப் பழகத்தான் சனிக்கிழமை வகுப்பு. வாருங்கள்.

கேள்வி: என் கணவர் உங்களுடையதைப் போன்ற ஒரு வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார். எனக்கு வீட்டில் துப்பாக்கி இருப்பதே பிடிக்கவில்லை. சுட்டுவிட்டு எப்படித் தப்பிப்பது என்று சொல்லித் தருகிற இடமோ என்று பயமாக இருக்கிறது. உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது?
வாசகி, ப்ளேனோ

பதில்: அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அதனால் ஒரு வகுப்பை அப்படியே சொல்கிறேன். எல்லா இடத்திலும் இதே மாதிரி நடத்துவார்கள் என்று சொல்ல மாட்டேன், எங்கள் வகுப்பில் நடப்பது இது.

அறைக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி வரக்கூடாது. ஆளுக்கு ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. நான் ஒரு காட்சியைச் சொல்வேன், சுடலாம் என்று நினைப்பவர் பச்சையைத் தூக்க வேண்டும், கூடாது என்பவர் சிவப்பை. அதோடு விட மாட்டோம். பச்சை தூக்கியவர்களில் ஒருவரை எழுப்பி, உட்கார்ந்திருப்பவர்களில் பன்னிரண்டு பேரை ஜூரியாக்கி (நீதிமன்றத்தில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்கிற பொதுமக்கள் குழு), ஏன் சுட்டீர்கள் என்று அவர்களிடம் சொல்லச் சொல்வோம். சட்டப் பிரிவைப் படித்துக் காட்டினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார்கள். தன் வாயால் காரணம் சொல்ல முடியாமல் திணறிய அனுபவம் மட்டும் மறப்பதில்லை, நான் பார்த்தவரை.

ஒரு காட்சி. இரவு இரண்டு மணி. வாசலில் நிற்கிற கார்க் கண்ணாடி உடைகிற சத்தம். மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒருவன் காருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான். உங்கள் கையில் பிஸ்டல். சுடலாமா? நிறைய பச்சை எழும். என் வீடு, என் கார், டெக்சஸில் கேட்கவே வேண்டாம் என்பார்கள். 2007 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம், ஒருவன் சட்டவிரோதமாகவும் பலவந்தமாகவும் நுழையும்போது நீங்கள் பயந்தது நியாயம்தான் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்வது, ஆள் இருக்கிற வீடு, ஆள் இருக்கிற வண்டி, ஆள் இருக்கிற தொழிலிடம் இவற்றுக்கு. வாசலில் நிற்கிற கார் காலி. அங்கேயே பாதி பச்சை இறங்கும்.

கொஞ்சம் படித்துவிட்டு வந்த ஒருவர் எழுந்து, இரவுத் திருட்டில் பொருளைக் காப்பாற்றச் சுடவும் இடம் தருகிற தனிப் பிரிவு இருக்கிறதே என்பார். இருக்கிறது. 9.42-ஆம் பிரிவு, மற்ற மாநிலங்களில் அபூர்வமாகத்தான் இப்படி ஒன்றைப் பார்க்க முடியும். ஆனால் அதில் நிபந்தனைக்கு மேல் நிபந்தனை: அந்த நொடியில் அது அவசியமாக இருக்க வேண்டும், பொருளை வேறு எந்த வழியிலும் காப்பாற்றவோ மீட்கவோ முடியாது அல்லது குறைந்த பலத்தைக் காட்டினால் உங்கள் உயிருக்கே பெரிய ஆபத்து என்றிருக்க வேண்டும், இதையெல்லாம் நீங்கள் நம்பியது நிதானமுள்ள ஒரு சாதாரண மனிதரும் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். சரி, ஜூரியிடம் சொல்லுங்கள் என்போம். காரில் என்ன இருந்தது? லேப்டாப் பை. அவசர உதவி எண் 911-க்குக் கூப்பிட்டீர்களா? இல்லை. விளக்கைப் போட்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடியிருப்பானா? ஓடியிருக்கலாம். மாடியில் பூட்டிய வீட்டுக்குள் இருந்த உங்களுக்கு அவனால் என்ன ஆபத்து? பதில் வராது.

அப்புறம் ஒன்றே ஒன்றை மாற்றுவேன். அவன் உங்களைப் பார்த்துவிட்டான், பையைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிறான். சிவப்பு. இன்னும் ஒன்று. காரை விட்டுவிட்டு, சமையலறைப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே கையை விடுகிறான், கீழறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள். அறை முழுக்கப் பச்சை, சட்டமும் அந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. கடைசியாக ஒரு மாற்றம். அதே பின்கதவு, அதே கை, ஆனால் டார்ச் அடித்தால் தெரிகிறது, அது பக்கத்து வீட்டுப் பையன், பதினேழு வயது, குடித்திருக்கிறான், தன் வீடு என்று நினைத்துக்கொண்டு அம்மா கதவைத் திற என்று அழுகிறான்.

அந்த இடத்தில் யாரும் எந்த அட்டையையும் தூக்குவதில்லை. டார்ச் அடிக்காமல் இருந்தால் என்று யாராவது மெதுவாகக் கேட்பார்கள். சட்டம் பார்ப்பது அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரியும், எதைத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்பதைத்தான் என்று நான் சொல்வேன். பிறகு மிச்ச நேரம் விளக்கைப் பற்றியும் டார்ச்சைப் பற்றியும் உரக்கக் குரல் கொடுப்பதைப் பற்றியும் பேசுவோம். உங்கள் கணவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதலில் வாசல் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் வகுப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், இரவு இரண்டு மணிக்கு அந்த வீட்டில் நீங்களும்தானே இருப்பீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வகுப்புக்கு வரலாமா? அப்படியே ஒரு துப்பாக்கியும் வாங்கலாம் என்று இருக்கிறேன்.
வாசகர், இர்விங்

பதில்: தம்பி, வகுப்புக்கு வரலாம், உட்கார்ந்து கேட்கலாம், அட்டையைத் தூக்கலாம். துப்பாக்கியைத் தொடாதீர்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், டெக்சஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. 2022-ல் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையை 15 வருஷம் ஆக்கிவிட்டார்கள். அதோடு நாடு கடத்தவும் அது ஒரு காரணம். வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் பத்து ரவுண்டு சுட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதுவும் கையில் வைத்திருந்ததாகத்தான் கணக்கு. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு ஒன்று இருப்பது உண்மை. ஆனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் எழுத்தில் பதில் வாங்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை இல்லை. மனைவிக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, அவர் பெயரில் வாங்கி வீட்டில் வைக்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் அது உங்களிடம் இருப்பதாகவும் சொல்ல முடியும், அதனால் துப்பாக்கியைப் பூட்டி வைத்த பெட்டியின் சாவி உங்கள் கைக்கு வரவே கூடாது.

கேள்வி: 'என் உயிருக்குப் பயந்தேன்' என்று போலீஸிடம் சொல்லிவிட்டால் போதும், டெக்சஸில் ஒன்றும் செய்ய முடியாது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படியா?
வாசகர், ரவுண்ட் ராக்

பதில்: இந்த ஒரு நம்பிக்கையை உடைப்பதற்காகவே நான் வகுப்பு எடுக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஹூஸ்டனுக்கு வடகிழக்கே ஹஃப்மன் என்ற ஊரில் 2010 மே மாதம் நடந்ததை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ரவுல் ராட்ரிகஸ், எதிர் வரிசையில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விழாச் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று கேட்கப் போகிறார். கையில் துப்பாக்கி, கூடவே வீடியோ கேமரா, லைசென்ஸும் உண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிற அந்தப் பதிவில் அவர் உயிருக்குப் பயப்படுகிறேன் என்றும் சொல்கிறார், நான் நின்ற இடத்தில் நிற்கிறேன், பின்வாங்க மாட்டேன் என்கிற அர்த்தத்தில், என்றும் சொல்கிறார், சட்டத்தில் இருக்கிற சொற்கள் எல்லாம் அவர் வாயில் வருகின்றன. கடைசியில் சுட்டார், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இறந்தார், இன்னும் இருவருக்குக் காயம். 2012-ல் கொலைக் குற்றம் என்று ஜூரி தீர்ப்பளித்து 40 வருஷம் கொடுத்தது. ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியதில் பிழை இருந்ததால் மேல்முறையீட்டில் அது ரத்தானது, 2015-ல் மறுபடியும் விசாரணை நடந்து, மறுபடியும் குற்றவாளி, இந்தத் தடவை ஆயுள் தண்டனை.

பின்வாங்க வேண்டிய கடமை இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால்தான்: நீங்கள் இருக்க உரிமை உள்ள இடத்தில் இருக்க வேண்டும், எதிராளியை நீங்கள் தூண்டியிருக்கக் கூடாது, அந்த நேரத்தில் நீங்களே குற்றம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கக் கூடாது. வெறும் வாய்ப்பேச்சுக்கு, அது எவ்வளவு கேவலமான பேச்சாக இருந்தாலும், பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. துப்பாக்கியோடு ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டையை ஆரம்பித்துவிட்டு அப்புறம் பயந்தேன் என்றால், பயம் எங்கிருந்து வந்தது என்றுதான் ஜூரி கேட்கும். எங்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி, எந்த நிமிடத்தில் இவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம் என்று ஒவ்வொருவரையும் கேட்போம். பதினைந்து இருபது பதில் வரும். எல்லாமே சரியான பதில்தான்.

கேள்வி: வானத்தை நோக்கி ஒரு எச்சரிக்கைச் சூடு? அல்லது சும்மா எடுத்துக் காட்டினால்?
வாசகர், பேர்லண்ட்

பதில்: எச்சரிக்கைச் சூடு வேண்டாம். மேலே போன தோட்டா எங்கேயோ இறங்கத்தான் செய்யும், ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்தில் கவனமில்லாமல் சுடுவதே தனிக் குற்றம், ஆள் இருக்கும் திசையில் சுட்டால் அது இன்னும் பெரிய குற்றம். எடுத்துக் காட்டுவது வேறு கதை: தேவைப்பட்டால் சுடுவேன் என்று உணர்த்துவதற்கு மட்டும் காட்டினால் அதை உயிர்பறிக்கும் பலமாகக் கணக்கிட மாட்டோம் என்று 9.04-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பலத்தைப் பயன்படுத்தவே நியாயம் இருக்கிற நிலைமையில்தான் அந்தப் பிரிவு உதவும். ஃப்ரீவேயில் ஒருவன் குறுக்கே வந்தான் என்று கோபத்தில் கண்ணாடியை இறக்கிக் காட்டினால் ஆயுதம் காட்டித் தாக்கிய வழக்கு, 2 முதல் 20 வருஷம் வரை போகும். எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் இந்த மாதிரி வழக்கில் மாட்டித் தப்பித்து வந்தவர்களும் உண்டு, அவர்கள் பேச ஆரம்பித்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

கேள்வி: பக்கத்து வீட்டில் திருடியவர்களைச் சுட்ட ஒருவரை பாசடீனாவில் விட்டுவிட்டார்களே, அப்படியென்றால் செய்யலாம்தானே?
வாசகர், லீக் சிட்டி

பதில்: 2007 நவம்பர் சம்பவம். அறுபதைத் தாண்டிய ஒருவர், பக்கத்து வீட்டில் புகுந்து பொருளோடு வெளியே வந்த இருவரைச் சுட்டுக் கொன்றார். 911-ல் பேசியவர் வெளியே போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது பதிவில் இருக்கிறது. ஒருவர்மேல் வழக்குத் தொடரலாமா என்று முதலில் முடிவு செய்கிற குழுவான கிராண்ட் ஜூரி, 2008 ஜூனில் அவர்மேல் குற்றச்சாட்டு பதியவில்லை. இங்கே கிராண்ட் ஜூரியில் பன்னிரண்டு பேர், குற்றச்சாட்டுக்கு ஒன்பது பேர் சம்மதம் வேண்டும், அன்றைக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அது நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை, அடுத்த கேஸில் எடுத்துக் காட்டக்கூடிய முன்னுதாரணமும் இல்லை. வேறொரு பன்னிரண்டு பேர் உங்களை விட்டுவிடுவார்கள் என்று எழுதித் தர யாராலும் முடியாது. பக்கத்து வீட்டு டிவிக்காக இரண்டு உயிரையும் உங்கள் மிச்ச வாழ்க்கையையும் பந்தயம் வைக்காதீர்கள் என்று நேராகவே சொல்கிறேன்.

கேள்வி: ஒருவேளை சுட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. போலீஸ் வருகிறது. என்ன பேச வேண்டும்? ஒன்றுமே பேசக் கூடாது என்கிறார்களே?
வாசகர், டல்லாஸ்

பதில்: இதை வகுப்பில் நடித்தே பார்ப்போம். ஒருவர் போனில் சுட்டவராக, இன்னொருவர் 911 ஊழியராக. முதல் தடவை யாருக்கும் சரியாக வராது, தன் வீட்டு முகவரியையே மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முகவரி, ஒருவருக்குக் குண்டடி, ஆம்புலன்ஸும் போலீஸும் வேண்டும், நான் இன்ன சட்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு போதும், 911-ல் பேசுவது எல்லாம் பதிவாகிறது. போலீஸ் வரும்போது கையில் துப்பாக்கி இருக்கவே கூடாது, அவர்களுக்கு யார் நல்லவர் என்று தெரியாது.

பேச்சைப் பொறுத்தவரை, ஹூஸ்டனில் இருந்தே போன ஒரு வழக்கு இருக்கிறது, சலினாஸ் எதிர் டெக்சஸ். கைதாகாமல் தானாகவே வந்து போலீஸிடம் பேசிக்கொண்டிருந்தவர், தோட்டா உறைகள் உங்கள் துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டதும் மௌனமானார். அந்த மௌனத்தை விசாரணையில் அவருக்கு எதிராக எடுத்துச் சொன்னார்கள், 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தவறில்லை என்றது, ஏனென்றால் பேசாமல் இருக்கும் உரிமையைக் கோருகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் சும்மா வாயை மூடிக்கொள்வது போதாது. என்னைத் தாக்கினார்கள், அவன் கத்தி அதோ கிடக்கிறது, அந்தக் கடைக்காரர் பார்த்தார், முழுதாக ஒத்துழைக்கிறேன், ஆனால் வக்கீல் வரும்வரை பேசாமல் இருக்கும் என் உரிமையைப் பயன்படுத்துகிறேன். இதை அப்படியே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பதற்றத்தில் தமிழ் வந்துவிடும் என்று ஒரு வாசகி சொன்னார், உண்மைதான், அதற்காகவே நாங்கள் நம்மவர்களை மூன்று நாலு தடவை சொல்ல வைக்கிறோம். இன்னொன்று. நான் சுடவே இல்லை, சுட்டிருந்தாலும் தற்காப்புக்குத்தான் என்கிற வாதம் இங்கே நிற்காது. தற்காப்பு என்று கோர வேண்டுமானால், பொதுவாகச் செய்த செயலை ஒப்புக்கொண்டாக வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது ஆதாரம் உங்கள் பக்கம் இருந்தால், அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கிற வேலை அரசுத் தரப்புக்குப் போகும்.

கேள்வி: இலவச வகுப்பு என்று போனேன், கடைசி ஒரு மணி நேரம் மாதச் சந்தா கட்டச் சொல்லித்தான் பேசினார்கள். கட்டலாமா?
வாசகர், சான் அன்டோனியோ

பதில்: பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது, வக்கீல் செலவை ஏற்கிற உறுப்பினர் திட்டத்தை விற்கத்தான் வகுப்பே. சட்டப் பாடம் நன்றாக இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், சந்தாவுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து பாருங்கள்: பணத்தை முன்கூட்டியே தருவார்களா, விடுதலையான பிறகுதான் தருவார்களா, வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது, இறந்தவர் குடும்பம் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டால் அதற்கும் சேர்த்தா, துப்பாக்கி இல்லாமல் மிளகு ஸ்ப்ரே பயன்படுத்தினாலும் செல்லுமா. கேள்வி நேரம் ஒதுக்காமல் விற்பனைக்கு மட்டும் நேரம் ஒதுக்குகிற வகுப்புக்கு இன்னொரு தடவை போக வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நியூஜெர்சிக்கு மாறப் போகிறோம். டெக்சஸ் லைசென்ஸ் அங்கே செல்லுமா?
வாசகி, ஆஸ்டின்

பதில்: செல்லாது. நியூஜெர்சி வேறு எந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. சட்டமும் வேறு: வீட்டுக்கு வெளியே, முழுப் பாதுகாப்போடு விலகிப் போக முடியுமென்றால் போயே ஆக வேண்டும். இங்கே படித்ததை அங்கே கொண்டுபோகாதீர்கள், அந்த ஊர் வக்கீல் நடத்துகிற வகுப்பு ஒன்றில் புதிதாகச் சேருங்கள்.

கேள்வி: இந்தியாவில் இந்த உரிமையெல்லாம் உண்டா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைப் பற்றி அதிலும் தனியாகச் சொல்லியிருப்பதைப் படித்தால் டெக்சஸ் ஞாபகம் வரும். ஆனால் அதிகாரிகளின் உதவியைத் தேட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும், தேவைக்கு மேல் துன்பம் விளைவிக்கக் கூடாது என்றும் அங்கே தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் எல்லாம் சுடுகிறவர் பக்கம் இருந்து பேசுகிறீர்கள். என் அப்பா மதுரையில் இருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார், வயது 74. காலையில் ஐந்து மணிக்கே எழுந்து வாக்கிங் போகிறார். இங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி இருப்பதால் போன வாரம் வேறு ஒரு வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்து நாய் குரைத்ததும் திரும்பி வந்துவிட்டார். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.
வாசகி, ஷுகர்லேண்ட்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இந்தப் பகுதியில் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதற்கு நான் அதிக நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஜப்பானில் இருந்து படிக்க வந்த 16 வயது மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரி, ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போய் மணியடித்தார். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'ஃப்ரீஸ்' என்று கத்தினார், பையன் நிற்கவில்லை, சுட்டுவிட்டார். குற்ற வழக்கில் வீட்டுக்காரருக்கு விடுதலை கிடைத்தது, பெற்றோர் போட்ட சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் அளவுக்கு நஷ்டஈடு தரச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்து வரப் போன 16 வயதுப் பையன் தெருப் பெயர் குழப்பத்தில் வேறு வீட்டு மணியை அடித்தான், 84 வயது வீட்டுக்காரர் கதவு வழியாகவே சுட்டார். பையன் பிழைத்துக்கொண்டான், சுட்டவர் 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை சொல்வதற்குள் இறந்துபோனார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, நீங்கள் தூங்காமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பாவை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள், மதுரையில் விடியற்காலையில் நடந்த மனிதர், இங்கே நாலு சுவருக்குள் இருந்தால் உடம்பு கெட்டுவிடும். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு அடையாளம் வையுங்கள், வாசலில் பெரிதாக ஒரு கோலம், தூரத்தில் இருந்தே தெரிகிற நிறத்தில் ஒரு தொட்டி, எதுவாக இருந்தாலும் சரி. வீட்டு எண்ணையும் உங்கள் போன் நம்பரையும் அட்டையில் எழுதி லேமினேட் செய்து சட்டைப்பையில் போடுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் கைப்பிடியைத் திரும்ப ஆட்ட வேண்டாம், உடனே தெருவுக்கு வந்து நின்று உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று பழக்குங்கள். யாராவது கத்தினால் இரண்டு கையையும் விரித்து உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டும், சட்டைப்பைக்குள் கையை விடக்கூடாது, அந்த அட்டையை எடுக்கக்கூட விடக்கூடாது. 'ஃப்ரீஸ்' என்றால் அசையாதே என்று அர்த்தம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பத்து வீட்டுக்குப் போய், இவர் என் அப்பா, காலையில் நடப்பார் என்று அறிமுகம் செய்துவிடுங்கள். கையில் கொஞ்சம் முறுக்கும் எடுத்துப் போங்கள்.

என் பக்கத்தில் நான் செய்வது ஒன்று. அடுத்த மாத வகுப்பின் முதல் காட்சி இதுதான், ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். விடியற்காலை ஐந்து மணி, வாசல் கதவுக் கைப்பிடி மெதுவாகத் திரும்புகிறது, நாய் குரைக்கிறது, வெளியே நிற்பவர் ஒன்றும் பேசவில்லை. அட்டையைத் தூக்குங்கள் என்பேன். எல்லோரும் தூக்கிய பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் காதில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு தாத்தா என்று சொல்வேன்.